கைப்பிடி எடுத்துப் பார்த்த அக்கா

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நடுவில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு மிச்சமிருக்கிற கொஞ்ச மரியாதையும் போய்விடும். நான் இங்கிலீஷ் படித்தது ஓர் அகராதியில். அதுவும் பாதி அகராதியில்.

பதுளைக் கடைவீதியில் பழைய சாமான் விற்கிறவர் ஒருவரிடம் வாங்கியது. இங்கிலீஷ் சொல்லுக்குத் தமிழில் அர்த்தம் போட்ட புத்தகம். முன்னட்டை இருந்தது, பின்னட்டை இல்லை. தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்து புரட்டிப் பார்த்தால் 'எம்' எழுத்தோடு நின்றுவிட்டது. மீதிப் பாதியில் யாரோ கடலை மடித்து விற்றிருக்க வேண்டும். எனக்கு வருத்தமே வரவில்லை. இருபத்தாறு எழுத்தில் பதின்மூன்று கையில் இருக்கிறது, சரிபாதி வெள்ளைக்காரன் ஆகிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு வருஷம் அதை உருப்போட்டேன். பெட்டகத்துக்கும் கழுதைக்கும் கண்ணிமைக்கும் இங்கிலீஷ் தெரியும். ஆனால் 'த' என்கிற சின்னச் சொல் தெரியாது. அது பின்பாதியில் போய்விட்டது. காகிதத்தில் எங்கு பார்த்தாலும் அது கிடந்ததால், ஏதோ அழகுக்குப் போடுகிறார்கள் என்று நினைத்துத் தாண்டிவிடுவேன். அதைவிடப் பெரிய நஷ்டம், இல்லை என்று சொல்கிற 'நாட்'டும் 'எம்'முக்குப் பிந்தியதுதான். ஆக, மறுப்பே இல்லாத இங்கிலீஷ் எனக்குத் தெரியும். நான் வாசித்த கடிதம் எல்லாமே நல்ல செய்தியாக இருந்தது.

மடுல்சீமைப் பக்கம் எங்கள் தோட்டம். பஸ் பிடிக்கவே நாலு மைல் நடக்க வேண்டும். அந்த மலையில் பாதி அகராதி வைத்திருந்த ஒரே ஆள் நான். எனக்குப் பத்தொன்பது வயது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கணக்கப்பிள்ளைக்குக் கையாள். பெண்கள் கூடையோடு வந்து வரிசையில் நிற்பார்கள். நான் கூடைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் விரித்துப் பார்ப்பேன். தளிர் எத்தனை, முத்தல் எத்தனை என்று ஒரு பார்வை. முத்தல் கூடினால் நிறையில் சில இறாத்தல் கழிப்பேன். மிகக் கூடினால் கூடையையே கொட்டிப் பொறுக்கச் சொல்வேன். முப்பது வருஷம் கொழுந்து எடுத்த கைகளை, ஒரு செடியில்கூட ஒழுங்காகக் கொழுந்து எடுக்கத் தெரியாத என் கை சோதித்தது. அந்த வயதில் அது எனக்கு வேடிக்கையாகத் தெரியவில்லை.

அந்த வரிசையில் எப்போதும் கடைசியில் நின்றவர்தான் அந்த அக்கா. எங்கள் லயத்தில், நான் இருந்தது போக, வரிசையாகப் பத்துக் காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். அவருடையது கோடியில் இருந்தது. புருஷன் இல்லை, ஒரு மகள் மட்டும். கறுத்து ஒல்லியான உடம்பு. யாராவது பேசும்போது இடது கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்பார். பேச்சு முடிந்ததும், மற்ற எல்லாரும் தலையை ஆட்டுகிற அந்த நேரத்தில், அவர் மட்டும் சொல்வார்:

"வெளங்கல. திருப்பிச் சொல்லு."

இதுதான் அவர். இதற்குமேல் அவரைப் பற்றி நான் எதைச் சொன்னாலும் இதைத்தான் சுற்றிச் சுற்றி வருவேன்.

சாதாரணமாக யாரும் அப்படிச் சொல்வதில்லை. விளங்கவில்லை என்றால் வெட்கம். பெரியவர் பேசினால் "ஆமாங்க". துரை பேசினால் இரண்டு "ஆமாங்க". எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்குத் தமிழ் தெரியும் என்று ஒரு பேச்சு இருந்தது. துரைமாருக்கென்று அச்சடித்த சின்னப் புத்தகம் ஒன்றில் அவர் படித்த தமிழ் அது. வா, போ, எடு, வெட்டு, சும்மா இரு. இந்த நூறு சொல்லை வைத்துக்கொண்டு எங்களை முழுக்கத் தெரிந்துகொண்டதாக அவர் நம்பினார். நானும் என் பாதி அகராதியும் அவருக்குத் தம்பி முறைதான்.

ஒரு நாள் காலைப் பெரட்டில், ஆள் பிரிக்கும் நேரத்தில், துரை புதிய தேயிலை மலை ஒன்றைப் பற்றி நீளமாகப் பேசினார். முடித்ததும் கூட்டம் "ஆமாங்க தொரை" என்றது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல்:

"வெளங்கலைங்க தொரை."

கங்காணிக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஏய், பேசாம இரு" என்று பல்லைக் கடித்தார்.

"நீங்களாவது சொல்லுங்க கங்காணி. என்னா சொன்னாரு?"

கங்காணி துரையின் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் விளங்கவில்லை. இருநூறு பேர் எந்த மலைக்குப் போவது என்று தெரியாமல் "ஆமாங்க" சொல்லியிருக்கிறோம். துரை திருப்பிச் சொன்ன பிறகுதான் தெரிந்தது, அன்றைக்கு யாரும் அந்த மலைக்குப் போகவே கூடாது என்பதைத்தான் அவர் அவ்வளவு நேரம் சொல்லியிருக்கிறார்.

மாரியம்மன் திருவிழாவில் பூசாரியையும் அக்கா விட்டுவைக்கவில்லை. அக்கா பெயரும் நட்சத்திரமும் சொல்லி மந்திரத்தை மளமளவென்று ஓட்டிக்கொண்டிருந்த பூசாரியை, நடுவில் நிறுத்தினார்.

"சாமி, எம்பேருல இப்ப என்னா கேட்டீங்க?"

"நல்லதுதான் கேட்டேன்மா."

"அது தெரியுதுங்க. என்னா நல்லது? எனக்கு வேண்டாததக் கேட்டுறப் போறீங்க."

கூட்டம் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. அவருக்கு அது கோபம். விளங்காத ஒன்றைச் சொல்லி ஒருவன் தலையாட்ட வைப்பதை, கையைப் பிடித்து இழுப்பதைப் போன்ற அவமரியாதையாகவே அவர் நினைத்தார். அப்போது அது எனக்கு அதிகப்பிரசங்கித்தனமாகப் பட்டது.

என்னை அவர் கண்டுபிடித்தது ஒரு கோழிக் குழம்பின்போது. எங்கள் லயத்து மாரிமுத்தண்ணன் தன் மகனுக்காக லுணுகலையில் ஒரு கம்பெனிக்கு வேலை கேட்டு எழுதிப் போட்டிருந்தார். பதில் இங்கிலீஷில் வந்தது. நான் வாசித்தேன். பையன், வேலை, கொடுக்க, முடியும். எல்லாம் 'எம்'முக்கு முந்திய சொற்கள். "வேலை கெடைச்சிருச்சுண்ணே" என்றேன். கோழி அடித்தார்கள். எனக்குத் தொடைக்கறி. பையன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு லுணுகலைக்குப் போய், மத்தியானமே திரும்பி வந்தான். முடியும் என்ற சொல்லுக்குப் பின்னால் நின்ற 'நாட்' என்கிற மூன்றெழுத்துச் சொல்லை நான் தாண்டியிருந்தேன்.

மாரிமுத்தண்ணன் என்மேல் துளியும் சந்தேகப்படவில்லை. "கடைசி நேரத்துல வேற ஆளுக்குக் குடுத்துட்டானுங்க தம்பி" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். படித்தவன்மேல் எங்கள் ஆட்களுக்கு இருந்த நம்பிக்கையை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னையே அடிக்கக் கை வருகிறது.

ஆனால் கோழி வெந்துகொண்டிருந்தபோதே அக்கா என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டிருந்தார்.

"தம்பி, வாசிக்கையில ஒங்கண்ணு தாவித் தாவிப் போச்சு. எத்தன எடத்துல தாண்டுன?"

"அதெல்லாம் சின்னச் சின்ன வார்த்தைக்கா. அர்த்தமில்லாதது."

"அர்த்தமில்லாததுக்கு எதுக்கு மை செலவழிச்சு அடிச்சிருக்கான்?"

நான் குழம்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

இனி வேடிக்கை குறையும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டில் சிலோனில் ஒரு சட்டம் வந்தது. நேற்றுவரை இந்த நாட்டில் வாக்குப் போட்டவர்கள் இன்றைக்கு இந்த நாட்டுக்காரர்கள் இல்லை என்றது. அடுத்த வருஷம் இன்னொரு சட்டம் வந்தது. பிரஜாவுரிமை வேண்டுமானால் எழுதிக் கேளுங்கள், பார்க்கலாம் என்றது. மூன்று தலைமுறையாக அந்தக் காட்டை வெட்டித் தேயிலை நட்டு, அந்த மண்ணிலேயே பிள்ளைகளைப் புதைத்தவர்கள், தாங்கள் இங்கேதான் இருந்தோம் என்று எழுதி நிரூபிக்க வேண்டும். எங்கள் கைக்கு வந்து சேர்ந்த படிவம் இங்கிலீஷில் இருந்தது. உன் வீடு உன்னுடையதா என்று கேட்கிறவன், உனக்குத் தெரியாத பாஷையில் கேட்கிறான். நீ பதில் சொல்லாவிட்டால் வீடு உன்னுடையதில்லை. இதை நிதானமாக எழுத எனக்கு இன்றும் வரவில்லை.

தோட்டத்துப் பெரிய கிளாக்கர் தனக்கு வேலை இருக்கிறது என்றார். லயம் முழுக்க என்னிடம் வந்தது. தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து மேசையாக்கி, காதில் பென்சில் சொருகி உட்கார்ந்தேன். கலெக்டர் கெட்டான்.

படிவத்தில் ஒரு கேள்வி. அதைத் தமிழ் எழுத்தில் எழுதினால் இப்படி இருக்கும்: 'ஹவ் லாங் ஹேஸ் த அப்ளிகண்ட் பீன் அவுட் ஆஃப் சிலோன்'. ஒன்பது சொல். எனக்கு ஆறு தெரியும். எவ்வளவு காலம், விண்ணப்பக்காரர், இருந்தார், சிலோன். இதைவிடத் தெளிவாக ஒரு கேள்வி இருக்க முடியுமா? ஒவ்வொருவரிடமும் வயதைக் கேட்டேன். "இங்கதானே பொறந்தீங்க?" "ஆமா தம்பி." அந்த வயதையே எழுதினேன். மாரிமுத்தண்ணனுக்கு நாற்பத்தாறு. ஒன்பது காம்பராவுக்கும் ஒன்பது படிவம். ஒன்பது பேரும் கட்டைவிரலில் மை தொட்டு உருட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் காலை தபால் பையில் ஒன்பதும் போய்விட்டன.

பத்தாவது படிவம் அக்காவுடையது. முப்பத்தொன்று என்று எழுதிவைத்திருந்தேன். அன்று சாயங்காலம் கொழுந்து நிறுத்த கையோடு வந்தார். மைப்பெட்டியை நீட்டினேன். விரலைக் கொடுக்கவில்லை. இடுப்பு மடியிலிருந்து ஒரு பிடி தேயிலைக் கொட்டையை எடுத்துப் பெட்டிமேல் வைத்தார்.

"வாசி தம்பி. ஒவ்வொரு வார்த்தையா. தெரியாததுக்கு நிறுத்து."

"எல்லாம் எழுதியாச்சுக்கா. விரலை மட்டும் வைங்க."

"நான் நாப்பது இறாத்தல் எடுத்தேன்னு சொன்னா நீ அப்புடியே எழுதிக்கிறியா? கைய விட்டுப் பாக்குறல்ல? நானும் பாக்குறேன். வாசி."

வாசித்தேன். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு கொட்டையைத் தனியாகத் தள்ளினார். தாண்டப் பார்த்தால் என் விரலைப் பிடித்து நிறுத்தினார். எழுதப் படிக்கத் தெரியாதவர்தான். ஆனால் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவிலுள்ள வெற்றிடம் கண்ணுக்குத் தெரியுமே. அந்தக் கேள்வியை வாசித்து முடித்தபோது, அதன் ஒன்பது சொல்லில் மூன்றுக்குக் கொட்டை தள்ளப்பட்டிருந்தது.

"ஒரு புடியில ஒம்போது எலை. அதுல மூணு முத்தல். நீ அந்தக் கூடைய என்னா செய்வ?"

நான் காதிலிருந்த பென்சிலை எடுத்துத் திரும்பச் சொருகினேன்.

"சொல்லு தம்பி. எங்கூடைய என்னா செய்வ?"

"கொட்டச் சொல்லுவேன்."

"அப்ப கொட்டு."

தெரியாத சொற்களுக்குக் கீழே கோடு போடச் சொன்னார். போட்டேன். கோடு போட்டு முடித்ததும் படிவத்தைப் பார்த்தால், உழுது போட்ட வயல் மாதிரி இருந்தது. அவர் அதை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அடுத்த நாள் வேலைக்குப் பேர் போடவில்லை. ஒரு நாள் சம்பளம் போனால் போகட்டும் என்று நாலு மைல் நடந்து, பஸ் ஏறி, பதுளைக்குப் போனார். பஸ் கண்டக்டரிடம் சில சொல்லுக்கு அர்த்தம் கேட்டிருக்கிறார். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவரிடம் சிலது. வழியில் கால்சட்டை போட்டவர் யாரையும் விடவில்லை போலிருக்கிறது. மத்தியானத்துக்குள் எல்லாக் கோட்டுக்கும் ஒரு தமிழ்ச் சொல் சேர்ந்துவிட்டது. ஆனாலும் அவருக்கு விளங்கவில்லை.

"சொல்லெல்லாம் வந்துருச்சு தம்பி. பெரட்டுக்கு ஆள் வந்து நிக்கிற மாதிரி நிக்குது. யாரு எந்த மலைக்குன்னு பிரிச்சு விட ஆள் இல்ல" என்றார் பிறகு. இரண்டு வருஷம் அகராதியோடு மாரடித்த எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றாதது அது.

கடைசியில் தபால் கந்தோருக்குப் போனார். அங்கே யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஒருவர். அவரிடம் அக்கா, சொல்லுக்கு அர்த்தம் கேட்காமல், இந்தக் கேள்வி என்னிடம் என்ன கேட்கிறது, இவன் என்ன பதில் சொல்லியிருக்கிறான் என்று கேட்டிருக்கிறார். கிளாக்கர் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்:

"என்ன பிள்ளை இது, முப்பத்தொரு வருசம் சிலோனுக்கு வெளியிலை இருந்தனீர் எண்டெல்லோ எழுதிக் கிடக்கு."

"பதுளைக்கு வர்றதே இது மூணாவது தடவைங்க" என்றாராம் அக்கா.

அந்த நல்ல மனிதர் வேறு படிவம் எடுத்து, ஒவ்வொரு கேள்வியையும் கேட்டு, எழுதி, எழுதியதைத் திருப்பிச் சொல்லி, அக்கா "வெளங்குச்சு" என்ற பிறகே விரலை வைக்கச் சொல்லியிருக்கிறார். வரிசை வாசல்வரை நின்றதாம். அக்காவுக்கு அது பற்றிக் கவலையில்லை.

திரும்பி வந்ததும் நேரே என்னிடம் வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"ஒம்போது வீட்டுக்கும் போ. தப்பா எழுதிட்டேன், வாங்க பதுளைக்குப் போயி வேற எழுதிப் போடுவோம்னு சொல்லு. இன்னும் நாள் இருக்காம். கிளாக்கர் சொன்னாரு."

"சரிக்கா" என்றேன்.

போகவில்லை. ஒரு நாள் மழை. மறுநாள் கொழுந்து அதிகம். அதற்கு மறுநாள் காரணம் தேடவே மறந்துவிட்டேன். படித்தவன் என்று ஒரு லயமே கூப்பிடும்போது, அந்தப் பெயரை நானே கழற்றி வைக்க என்னால் முடியவில்லை. ஒரு சொல்தானே, பார்க்கிற அதிகாரிக்கு விளங்காதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்ப் பீலியடியில் எல்லாரும் கூடியிருக்கும்போது அக்காவே சொன்னார். நான் பக்கத்தில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன்.

"தம்பி எழுதுனது தப்பு. நம்ம எல்லாம் பொறந்ததுலருந்து வெளிநாட்டுல இருந்தோம்னு எழுதியிருக்கு."

மாரிமுத்தண்ணன் சிரித்தார். "கைநாட்டு வைக்கிறவ இங்கிலீசு சொல்லித் தர்றா, கேட்டுக்குங்கப்பா."

"ஏன் தம்பி, அப்புடியா எழுதுன?" என்று யாரோ என்னைக் கேட்டார்கள்.

எல்லார் முகமும் என்னைப் பார்த்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. படித்தவன் சிரித்தான், அது போதும். கூட்டம் கலைந்தது. அக்கா இடது கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்துவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து மடுவத்தில் அவர் கூடைக்குள் நான் கை விட்டதில்லை. கை போகவில்லை.

இரண்டு மூன்று வருஷம் கழித்துப் பதில்கள் வந்தன. ஒன்பது காம்பராவுக்கும் ஒரே மாதிரி. அதற்குள் நான் பதுளைக் கடையொன்றில் வேலைக்குப் போய், 'இசட்' வரை உள்ள அகராதியும் வாங்கிவிட்டேன். கடிதங்களை என்னிடம்தான் கொண்டுவந்தார்கள். இந்தத் தடவை ஒரு சொல்கூடத் தாண்டவில்லை. தாண்ட முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் இங்கிலீஷ் கடிதத்தை ஒழுங்காக வாசித்தேன். அதில் நல்ல செய்தி இல்லை.

என் மடத்தனத்தை நான் மறைக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. அந்தப் படிவங்களை வாசித்தவர்களிடம் முழு அகராதி இருந்தது. அவர்களுக்கு 'அவுட்' தெரியும், 'நாட்' தெரியும், 'த'கூடத் தெரியும். மடுல்சீமையில் தோட்டப் பெயர்ப்பதிவில் உள்ள ஒருவன், பிறந்ததிலிருந்து நாற்பத்தாறு வருஷம் சிலோனுக்கு வெளியே இருந்தேன் என்று எழுதியிருக்கிறான். இதை வாசித்துவிட்டு, இது எவனோ ஒரு மடையன் நிரப்பியது, கூப்பிட்டுக் கேட்போம் என்று ஒருத்தருக்குமா தோன்றவில்லை? ஒன்பது படிவத்தில், ஒரே கையெழுத்தில், ஒரே தப்பு. எல்லாச் சொல்லும் தெரிந்தவர்களுக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள அவர்களுக்குத் தேவை இருக்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்லிக் கேட்க அங்கே ஒரு அக்கா இருக்கவில்லை.

மாரிமுத்தண்ணன் குடும்பம் தலைமன்னார் போய்க் கப்பல் ஏறியது. இந்தியாவில், அவர் ஒருநாளும் பார்த்திராத ஊருக்கு. பதுளை ஸ்டேஷனில் என் தோளைத் தட்டி, "நீ எழுதிக் குடுத்ததுக்கு ரொம்ப நன்றி தம்பி. நம்ம தலையெழுத்து" என்றார். நான் அங்கேயும் ஒன்றும் சொல்லவில்லை. ரயில் போன பிறகு, காலித் தண்டவாளத்தைப் பார்த்து, தப்பு என்னுடையது என்று சொன்னேன். அது எதில் சேர்த்தி?

அக்காவுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. இழுத்தடித்து, விசாரணைக்குக் கூப்பிட்டு, அங்கேயும் எழுதியதைத் திருப்பிச் சொல்லாமல் விரல் வைக்க மாட்டேன் என்று ஒரு பொழுதை அவர்களுக்குக் கெடுத்து, கடைசியில் கிடைத்தது. அறுபத்தொன்றோ இரண்டோ, பதுளை பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. பக்கத்தில் மகள், கையில் புத்தகங்கள். பதுளையில் படிக்கிறாளாம்.

"எப்புடிக்கா இருக்கீங்க?"

"இருக்கேன் தம்பி."

பஸ் புறப்பட இன்னும் நேரம் இருந்தது. இத்தனை வருஷம் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. நல்ல சொற்களாகத் தேடி அடுக்கினேன். என்னிடம்தான் இப்போது முழு அகராதி இருக்கிறதே. அன்றைக்குப் பீலியடியில் சிரித்தது தப்பு என்றேன். அந்த வயதில் புத்தியில்லை என்றேன். இப்போது ஒரு சொல் தெரியாவிட்டாலும் வாசிப்பதை நிறுத்திவிடுகிறேன் என்றேன். அவர் இடது கண்ணைச் சுருக்கி, முழுக்கக் கேட்டார்.

"என்னை மன்னிச்சிருங்கக்கா" என்று முடித்தேன்.

"அந்த ஒம்போது வீட்டுலயும் கேட்டுட்டியா?" என்றார்.